கல்லூரிப் பணியாள் கண்ட உண்மை: ஜேம்ஸ் குரோலின் வாழ்வும் ஆய்வும்

ஒவ்வொரு நாளும் நாம் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே யாரோ ஒருவர் விரிவுரை மண்டபத்தின் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறார். தரையைத் துடைத்து, நாற்காலிகளை ஒழுங்குபடுத்தி, விளக்குகளைப் போட்டு வைத்திருக்கிறார். அவருடைய பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாலையில் நாம் போன பிறகு அவர் என்ன செய்கிறார் என்று எப்போதாவது நினைத்திருக்கிறோமா?

1859-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த ஆண்டர்சன் கல்லூரியில் இப்படிப்பட்ட வேலை ஒன்றில் ஒருவர் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 38. கையில் பட்டம் இல்லை. பள்ளிப்படிப்பும் முழுமையாக இல்லை. ஆனால் பூமி ஏன் சில காலங்களில் பனியால் மூடப்படுகிறது, அதில் கடலுக்கும் பனிக்கும் உள்ள பங்கு என்ன என்ற கேள்விக்கு அறிவியல் உலகம் இன்றும் மதிக்கும் விடையை அவர்தான் அந்தக் கல்லூரி நூலகத்தில் அமர்ந்து தேடினார். அவர் பெயர் ஜேம்ஸ் குரோல்.

தட்பவெப்பநிலை மாற்றம் பற்றி நாளிதழ்களில் தினமும் படிக்கும் நமக்கு இவருடைய வாழ்க்கை இரண்டு வகையில் பயன்படும். ஒன்று, கடலும் பனியும் பூமியின் வெப்பத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை எளிதாக விளக்கும். மற்றொன்று, அறிவு யாருக்குச் சொந்தம் என்று நம்மையே கேட்க வைக்கும்.

வறுமையில் ஒரு வாசகர்

1821-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பெர்த்ஷயர் மாவட்டத்தில் உள்ள லிட்டில் விட்ஃபீல்டு என்னும் சிற்றூரில் குரோல் பிறந்தார். தந்தை கல் வேலை செய்பவர். வேலை தேடி அடிக்கடி வெளியூர் போவார். குடும்பத்திடம் சிறு நிலம் ஒன்று மட்டுமே இருந்தது. குரோல் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் வுல்ஃப்ஹில் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளியில் அவர் சிறந்த மாணவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினொரு வயதில் பெர்த் நகரக் கடையொன்றில் ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் வந்த ஒரு வார இதழைக் கண்டார். 'பென்னி மேகசின்' என்பது அதன் பெயர். அன்று பிடித்த வாசிப்புப் பசி கடைசி வரை அவரை விடவில்லை. குடும்பச் சூழ்நிலை காரணமாக 13 வயதில் பள்ளியை விட்டு நிலத்தில் உழைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் கிடைத்த நேரத்தில் இயற்பியல் நூல்களைப் படித்தார். ஒரு விதியைப் படித்தால் அதற்கு அடிப்படையான விதி எது என்று தேடிப் பின்னோக்கிப் போவது அவருடைய பழக்கம். வேகமாகப் படித்து முடிப்பவர் அல்லர். புரியும் வரை நகராதவர்.

தோல்விமேல் தோல்வி

பிழைப்புக்காக அவர் செய்து பார்த்த வேலைகளின் பட்டியல் நீண்டது. முதலில் ஆலை இயந்திரங்களைச் செய்து பழுதுபார்க்கும் தொழில் பழகினார். பிறகு தச்சு வேலை செய்தார். சிறு வயதில் முழங்கையில் ஏற்பட்ட பாதிப்பு முற்றி, மூட்டு இறுகிப் போனதால் அந்த வேலையையும் விட வேண்டி வந்தது. அடுத்ததாகத் தேயிலைக் கடை வைத்தார். 1848-இல் இசபெல்லா மெக்டோனால்டை மணந்தார். உடல்நலக் குறைவால் கடை மூடப்பட்டது.

1852-இல் பிளேர்கௌரி என்ற ஊரில் மது விற்காத தங்கும் விடுதி ஒன்றைத் தொடங்கினார். விருந்தினர் வரவில்லை, விடுதியும் நிலைக்கவில்லை. பிறகு சில ஆண்டுகள் காப்புறுதி முகவராக ஊர் ஊராக அலைந்தார். முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பழகாத கூச்ச சுபாவம் கொண்டவருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். இதற்கிடையில் 1857-இல் தத்துவ நூல் ஒன்றைத் தம் பெயர் போடாமலேயே வெளியிட்டார்.

உலகக் கணக்கின்படி பார்த்தால், நாற்பது வயதை நெருங்கும் அந்த மனிதர் எதிலும் வெற்றி பெறாதவர். உறவினர்கள் அவரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை நம் வீட்டுத் திருமணங்களில் கேட்கும் பேச்சை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

நூலகத்தின் கதவு திறந்தது

அந்த நிலையில்தான் ஆண்டர்சன் கல்லூரியின் பணியாள் வேலை வந்தது. இன்று ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் நிறுவனம் அது. சம்பளம் குறைவு. குடியிருக்க இடம் கொடுத்தார்கள். ஆனால் குரோலுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. கல்லூரிக்குள் நல்ல அறிவியல் நூலகம் இருந்தது. அங்கே சென்று படிக்க அவருக்குத் தடை இல்லை.

அவருடைய தம்பி டேவிட் உடன் தங்கி வேலைகளில் கைகொடுத்தார். தம்பி பார்த்துக்கொண்ட வேலை, அண்ணனுக்குப் படிக்கும் நேரமாக மாறியது. குரோலைப் பற்றிப் பேசும்போது டேவிட்டையும் மறக்காமல் சொல்ல வேண்டும். தன் வாழ்நாளில் இத்தனை மனநிறைவான வேலை வேறு கிடைத்ததில்லை என்றே குரோல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வெப்பம், மின்சாரம், காந்தம் என்று படித்துக்கொண்டே வந்தவர், அக்காலப் புவியியல் அறிஞர்களைக் குழப்பிய ஒரு புதிரில் வந்து நின்றார்.

பனியூழி என்னும் புதிர்

ஸ்காட்லாந்தின் பாறைகளில் நீண்ட கீறல்கள் உண்டு. மலையடிவாரங்களில் எங்கிருந்தோ இழுத்து வரப்பட்ட பெரும் பாறைகள் கிடக்கின்றன. நகரும் பனிப்பாளங்கள்தாம் இவற்றைச் செய்தன என்று சுவிட்சர்லாந்து அறிஞர் லூயி அகாசி 1837-இல் முன்வைத்த கருத்து மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. ஒரு காலத்தில் வட ஐரோப்பா முழுவதும் பனிக்குள் கிடந்தது என்றால், அந்தப் பனி ஏன் வந்தது? ஏன் போனது?

பூமி சூரியனைச் சுற்றும் பாதை ஒரு நீள்வட்டம். அதன் நீள்மை பல்லாயிரம் ஆண்டுகளில் கூடிக் குறைகிறது. பம்பரத்தின் தலை சுழல்வதுபோல் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுழன்று வருகிறது. இதனால், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சில காலங்களில் வட பாதியின் குளிர்காலத்திலும், சில காலங்களில் அதன் கோடையிலும் நிகழும். இப்போது ஜனவரி மாதத் தொடக்கத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம். தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் அது சுமார் 15.2 கோடி கிலோமீட்டர்.

பனியூழிக்கு இதுதான் காரணம் என்று பிரெஞ்சுக்காரரான அதேமார் 1842-லேயே எழுதிவிட்டார். ஆனால் அறிஞர்கள் ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன மறுப்பு வலுவானது. பாதையின் வடிவம் எவ்வளவு மாறினாலும், பூமி ஓராண்டில் பெறும் மொத்தச் சூரிய வெப்பம் ஏறத்தாழ ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் மாறாது. இவ்வளவு சிறிய மாற்றம் ஒரு கண்டத்தையே பனியால் மூட முடியுமா?

குரோல் தந்த விடை

1864-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 'பிலாசபிக்கல் மேகசின்' என்ற ஆய்விதழில் குரோலின் கட்டுரை வெளிவந்தது. மறுப்பாளர்கள் சொல்வது சரியே, சூரிய வெப்பத்தின் மாற்றம் மட்டும் பனியூழியைக் கொண்டுவராது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சிறிய மாற்றம் பூமியில் உள்ள வேறு சிலவற்றைத் தூண்டிவிடுகிறது. அவை ஒன்றையொன்று வளர்த்து, சிறியதைப் பெரியதாக்குகின்றன என்றார். அந்தப் பெருக்கிகளில் முதன்மையானவை இரண்டு: பனி, கடல்.

முதலில் பனியைப் பார்ப்போம். பாதை மிகவும் நீண்டிருக்கும் காலத்தில், குளிர்காலத்தின்போது பூமி சூரியனுக்கு வெகு தொலைவில் இருந்தால், அந்தக் குளிர்காலம் நீண்டதாகவும் கடுமையாகவும் இருக்கும். மழையாகப் பெய்ய வேண்டியது பனியாகப் பெய்யும். வெண்பனி சூரிய ஒளியை உள்வாங்காமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் குளிர் கூடும். குளிர் கூடினால் பனி பரவும். பனி பரவினால் மேலும் ஒளி திரும்பிப் போகும். விளைவே காரணமாக மாறும் இந்தச் சுழற்சியை இன்றைய அறிவியலார் பின்னூட்டம் என்கிறார்கள்.

அடுத்தது கடல். மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து புறப்படும் வளைகுடா நீரோட்டம் வெப்ப மண்டலத்து வெந்நீரை வட அட்லாண்டிக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கே ஓடிவரும் நீர், பிரேசிலின் கிழக்கு முனையில் மோதி வடக்கும் தெற்குமாகப் பிரிகிறது. குரோல் இங்கேதான் ஒரு முடிச்சைக் கண்டார். வட பாதி குளிர்ந்தால் அங்கிருந்து வீசும் வியாபாரக் காற்றுகள் வலுப்பெறும். அவை நீரோட்டத்தைச் சற்றே தெற்கே தள்ளினால் போதும். வடக்கே போக வேண்டிய வெந்நீர் தெற்கே திரும்பிவிடும். வடக்கு மேலும் குளிரும். குளிர்ந்த வடக்கு காற்றை மேலும் வலுப்படுத்தும். பனி, காற்று, கடல் மூன்றும் கைகோத்து ஒரே திசையில் இழுக்கும்.

இந்தக் கருத்தை அவர் வெறும் ஊகமாக விட்டுவிடவில்லை. பிரெஞ்சு வானியலார் லெவெரியே தந்த சூத்திரங்களைக் கொண்டு, கடந்த 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் வரப்போகும் 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் பூமிப் பாதையின் நீள்மையைக் கணக்கிட்டார். கணினி இல்லாத காலம் அது. எல்லாமே கையால் போட்ட கணக்கு.

மதிப்பும் எதிர்ப்பும்

புவியியலின் முன்னோடியான லயல், பரிணாமக் கொள்கை தந்த டார்வின் ஆகியோர் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டனர். 1867-இல் எடின்பரோவில் இருந்த ஸ்காட்லாந்து புவியியல் ஆய்வுத் துறையில், ஆர்ச்சிபால்ட் கெய்கியின் கீழ் அவருக்கு வேலை கிடைத்தது. அரசுப் பணிக்கான தேர்வில் அவரால் தேற முடியவில்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகளின் வான்கணக்கைப் போட்டவர், எண்கணிதத் தாளில் தவறினார்! எனினும் அவருடைய ஆய்வுகளையே தகுதியாகக் கொண்டு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பெண் பட்டியலுக்கு அப்பாலும் பார்க்கத் தெரிந்த அதிகாரிகள் அன்று இருந்தார்கள்.

உடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. 1865 முதல் தீராத தலைவலி அவரை வாட்டியது. ஒரு நாளில் சிறிது நேரம் மட்டுமே ஆழ்ந்து சிந்திக்க முடியும் என்ற நிலையில்தான் அவர் தம் பெரும் நூலை எழுதினார். 1875-இல் வெளிவந்த அந்த நூலின் பெயர் 'கிளைமேட் அண்ட் டைம்'. காலநிலையும் காலமும் என்று சொல்லலாம். அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டவர் 55 வயதில் முனைவரானார்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கடல் நீரோட்டத்தை இயக்குவது காற்று என்றார் குரோல். வெப்பம், உப்பு ஆகியவற்றால் நீரின் அடர்த்தியில் ஏற்படும் வேறுபாடே இயக்குகிறது என்றார் இயற்கையியலார் வில்லியம் கார்பென்டர். ஆண்டுக்கணக்கில் இருவரும் வாதிட்டனர். இன்று பார்க்கும்போது இருவர் பக்கமும் உண்மை இருந்தது. கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளுகிறது. அந்த உப்பு சேர்ந்த குளிர்நீர் கனத்துக் கடலடிக்கு இறங்குகிறது. அண்டார்டிக்காவைச் சுற்றி இப்படி இறங்கும் நீர்தான் உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்தை நிரப்புகிறது. அதே வேளையில் காற்று இல்லாமல் மேற்பரப்பு நீரோட்டங்களும் இல்லை. ஆழ்நீர் மீண்டும் மேலே வருவதற்கும் காற்று துணை செய்கிறது.

உடல்நலம் குன்றியதால் 1880-இல் குரோல் பணியிலிருந்து விலகினார். பணிக்காலம் குறைவு என்பதால் ஓய்வூதியமும் சிறியதாகவே இருந்தது. வாழ்நாளின் இறுதியில் மீண்டும் தத்துவத்திற்குத் திரும்பி, 1890-இல் தம் கடைசி நூலை முடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் பெர்த் நகரில் காலமானார்.

பிழையும் பெருமையும்

குரோலின் கணக்கு எல்லா இடத்திலும் சரியாக வரவில்லை. கடைசிப் பனியூழி சுமார் 80,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்றார். பனி விலகிய இடங்களில் ஆறுகளும் அருவிகளும் செய்த அரிப்பைப் பார்த்த புவியியலார், அது மிகவும் அண்மைக் காலத்தது என்று காட்டினர். பனி உச்சத்தில் இருந்தது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பதும், பனியூழி சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்பதும் இன்று நமக்குத் தெரியும். வட பாதியும் தென் பாதியும் மாறி மாறி உறையும் என்ற அவருடைய கருத்தும் தவறானது. இந்தப் பிழைகளால் அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே கொள்கை ஓரங்கட்டப்பட்டது.

அதை மீட்டவர் செர்பிய நாட்டு அறிஞர் மிலுதின் மிலன்கோவிச். பனி வளர்வதைத் தீர்மானிப்பது கடுமையான குளிர்காலம் அன்று. பெய்த பனி உருகாமல் எஞ்சும் குளிர்ந்த கோடைதான் என்ற அடிப்படையில், அச்சின் சாய்வையும் சேர்த்து அவர் கணக்குகளைத் திருத்தினார். 1941-இல் அவருடைய பெருநூல் வந்தது. ஆனால் நேரடிச் சான்று கிடைக்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின. அந்தச் சான்று கிடைத்த இடம் கடலடி. தென் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்றில் புதைந்திருந்த நுண்ணுயிர் ஓடுகளை ஹேய்ஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் ஆகிய மூவர் ஆராய்ந்தனர். சுமார் 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள் என்ற மூன்று தாளங்கள் அதில் பதிந்திருப்பதை 1976-இல் வெளியிட்டனர். பூமிப் பாதையின் தாளங்களும் அவையே. குரோலின் அடிப்படைக் கருத்து, அவர் இறந்து 86 ஆண்டுகளுக்குப் பின் உறுதியானது.

அந்தப் பனியூழி நம் மண்ணிலும் தடம் பதித்தது. கடல்நீர் பனியாகக் கண்டங்களின்மேல் குவிந்ததால் அன்று கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயாத் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலப்பரப்பாக இணைந்து கிடந்தன. சிங்கப்பூர் அன்று தீவாக இல்லை.

பெருக்கிகள் இன்று

குரோலுக்குத் தெரியாத மற்றொரு பெருக்கியும் உண்டு. அது கரியமில வாயு. காற்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு கரிமத்தைக் கடல் தன்னுள் வைத்திருக்கிறது. பனியூழிக் காலத்தில் கடல் கூடுதலாக அதை இழுத்துவைத்துக்கொண்டதால், காற்றில் அதன் அளவு பத்து இலட்சத்தில் சுமார் 190 பங்காகக் குறைந்தது. பனி விலகியபோது அது சுமார் 280 ஆக உயர்ந்தது. சென்ற சில நூற்றாண்டுகளில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து அதை 420-க்கு மேல் கொண்டு வந்திருப்பவர்கள் நாம்.

இப்போது தூண்டுகோல் பூமியின் பாதை அன்று, நாம்தாம். ஆனால் பெருக்கிகள் பழையவையே. வெண்பனி மூடிய கடற்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். பனி உருகித் திறந்த கருங்கடலோ 90 விழுக்காட்டுக்கு மேல் உள்வாங்கும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பு சுமார் 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் அளவீடு தொடங்கிய 1979-க்குப் பின் அதுவரை காணாத சிறுமை அது. குரோல் சொன்ன அதே சுழற்சி இன்று எதிர்த்திசையில் ஓடுகிறது: பனி குறைய வெப்பம் கூடுகிறது, வெப்பம் கூடப் பனி குறைகிறது.

பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலே தாங்கிக்கொள்கிறது. வெந்நீரை வடக்கே கொண்டு செல்லும் அட்லாண்டிக் சுழற்சி இந்த நூற்றாண்டில் வலுக் குறையும் வாய்ப்பு மிகுதி என்று ஐக்கிய நாடுகள் சபையின் தட்பவெப்பநிலைக் குழு 2021 அறிக்கையில் கூறியது. நீரோட்டம் திசை மாறினால் என்னாகும் என்று 1864-இல் ஒரு கல்லூரிப் பணியாள் கேட்ட கேள்வியை, இன்று உலகின் ஆற்றல்மிக்க கணினிகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சிறிய மாற்றம் என்று எதையும் தள்ளிவிடக் கூடாது. அதைப் பெருக்குவதற்குச் சூழல் காத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே குரோலின் ஆய்வு நமக்குச் சொல்வது. அவருடைய வாழ்வும் அதையே காட்டுகிறது. சம்பளம் குறைந்த ஒரு வேலை, தடையில்லாத ஒரு நூலகம், கைகொடுத்த ஒரு தம்பி, தேர்வில் தவறியவரையும் ஏற்றுக்கொண்ட ஒரு துறை. இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக உலகத்திற்குக் கிடைத்தது பெரிது.

நமக்கோ நூலக அட்டையும் கணினியும் பேராசிரியர்களும் எளிதாகக் கிடைத்திருக்கின்றன. தேர்வுக்காக மட்டுமே அவற்றைப் பயன்படுத்திவிட்டுப் பட்டம் பெற்றுப் போய்விடலாம். அல்லது, நம்மைக் குடையும் ஒரு கேள்வியைப் பற்றிக்கொண்டு புரியும் வரை நகராமல் நிற்கலாம். எதைச் செய்யப்போகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நாளைக் காலை விரிவுரை மண்டபத்தின் கதவைத் திறந்து வைப்பவரைக் கண்டால், நின்று அவர் பெயரைக் கேட்டு வணக்கம் சொல்வோம்.